இரண்டு தீவுகள்: ஒன்று நாவலில், ஒன்று கொம்பனித்தெருவில்

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில், சொன்னபடி கேட்காதவர்களைத் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அது தண்டனையே இல்லை, பரிசு என்கிறார் ஆட்சியாளர். சொந்தமாக யோசிக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்களாம். ஒரு பாத்திரம், காலநிலை மோசமாக இருந்தால்தான் நன்றாக எழுத வரும் என்று அப்படிப்பட்ட இடத்தைக் கேட்டு, ஃபோக்லாந்து தீவுகளைப் பெறுகிறது. எனக்கும் ஒரு டிக்கெட் கிடைத்தால் நல்லது.

சரி, நம்ம ஊர்த் தீவு? கொழும்பின் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ஸ்லேவ் ஐலன்ட், அதாவது அடிமைத் தீவு, என்று பெயர் இருந்தது. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம். சுற்றிலும் பேரை வாவி. தப்பி நீந்தினால் முதலை பிடிக்கும் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. இங்கே யாரும் காலநிலை பார்த்து இடம் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்று அது தீவு போலவே இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றால், வாவியின் பாசி நாற்றம் காற்றோடு வரும். கூழைக்கடாக்கள் வரும். மேலே கண்ணாடிக் கோபுரங்கள். பழைய ஆங்கிலப் பெயரில் மட்டும் 'தீவு' என்ற சொல் எஞ்சி நிற்கிறது.

நாவலின் தீவு எனக்குப் பிடிக்கும். நம்பத்தான் முடியவில்லை.