சிறுவர் சேனலுக்காக டிஷ் பூட்டினோம்

அட்டனில் ஒரு கடையில் டிஷ் வாங்கி எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரையில் பூட்டி மூன்று மாதம். நாலு வயது மகளுக்காகத்தான் எடுத்தோம். பாட்டோடு நூறு வரை சொல்கிறாள். சரி என்று ஏழு உருளைக்கிழங்கை முன்னால் வைத்து எண்ணச் சொன்னால், கிழங்கு முடிந்த பிறகும் பத்து, பதினொன்று என்று ஓடிக்கொண்டே போகிறாள்! பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வந்ததையே கிழங்கை வைத்துக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. அம்மாயி டிவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற நாளில் ஒன்றும் ஒட்டுவதில்லை.

இந்த வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எங்கள் வீட்டில் அதை மழை பார்த்துக்கொள்கிறது. கனத்துப் பெய்தால் சிக்னல் போய்விடும். கடையில் கேட்டால், "மலைநாடுதானே தங்கச்சி, அப்படித்தான்" என்கிறார்கள். வாங்கும்போது சொல்லியிருக்கலாம்.