நிருபருக்குச் சொல்வதா, வாசகருக்கு நேரே சொல்வதா?

நான் கீறின சித்திரக்கதையின் முதற்பாகம் போன வருடம் அச்சாகி வந்தது. 300 பிரதி, ஒன்று 400 ரூபா. ஒரு அம்மம்மா தன் கைத்தையல் மெசினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இரவில் கிளாலிக் கடலைத் தாண்டுகிற கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகக் கிளாலிதான் வழி என்றிருந்த காலத்தை இங்கே நாற்பது தாண்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. புத்தகம் வந்த கிழமையே ஒரு நாளிதழில் இருந்து பேட்டி கேட்டார்கள். அதே கிழமை, வாங்கின ஆக்கள் கேட்டுக் கேட்டு ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினேன். ஒரு வருடம் இரண்டிலும் அடிபட்டு, இப்போது இரண்டையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டு, புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தை வாசகர் கடிதத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். புதிதாகக் கீறத் தொடங்கியிருக்கிற இரண்டு மூன்று தம்பிமார் "அண்ணை, பேப்பருக்குக் குடுக்கிறதோ, நாங்களே கதைக்கிறதோ?" என்று கேட்பதால்தான் இதை எழுதுகிறேன். நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம், நான் வாசகர் பக்கம்.

பேட்டியின் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேப்பரில் வந்தால் ஊர் நம்பும். புத்தகத்தைப் பார்த்து "உது என்ன, கார்ட்டூனோ?" என்று கேட்ட அப்பா, பேட்டி வந்த அன்று நாலு பேப்பர் வாங்கி வந்தார், ஒன்றை லமினேற் செய்து விறாந்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அந்தக் கிழமை மட்டும் நாற்பது பிரதி போனது. ஒரு பாடசாலையில் சித்திரக்கதை சொல்லித்தரக் கூப்பிட்டார்கள், போனால் அதிபரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அந்தப் பக்கம் வெட்டி வைத்திருக்கிறது. குழு வைத்திருந்து இதெல்லாம் நடக்காது.

நிருபரும் நல்ல பெடியன்தான். ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் இருந்து கதைத்தோம். ஏன் கறுப்பு வெள்ளை, ஏன் தையல் மெசின், பேனையா தூரிகையா எல்லாம் சொன்னேன். இது எங்கள் வீட்டுக் கதை இல்லை, பலரிடம் கேட்டுக் கோர்த்தது என்று இரண்டு தடவை சொன்னேன். வந்த தலைப்பு: அம்மம்மாவின் கண்ணீரை வரைந்த பேரன். கதையில் அந்த மனுசி ஒரு இடத்திலும் அழவில்லை. படகுக்காரனோடு கூலிக்குப் பேரம் பேசுகிறா, பக்கத்தில் இருக்கிறவனின் கிழிந்த சேட்டைப் பார்த்து "கரைக்குப் போய்த் தைச்சுத் தாறன்" என்கிறா, அவ்வளவுதான். காலமை ஒன்பது மணிக்குள் சுன்னாகத்தில் இருந்து பெரியம்மாவின் போன்: "எங்கடை அம்மா எப்படா கிளாலியாலை போனவ? அவ எண்பத்தாறிலையே மோசம் போயிட்டாவெல்லோ!"

திருத்தம் கேட்டேன், பார்க்கிறோம் என்றார்கள், வரவில்லை. தலைப்பு அந்தப் பெடியன் போட்டதும் இல்லையாம், இரவு பக்கம் கட்டுகிற இடத்தில் யாரோ போட்டது. பேட்டியில் இதுதான் சிக்கல். நாம் சொன்னது இரண்டு மூன்று கை மாறி வருகிறது, கடைசிக் கை எங்களைக் கண்டதே இல்லை.

பெரிய ஆக்களுக்கும் இதே கதிதான். 1966 ஜனவரியில் நியூயோர்க் ஹெரால்ட் ட்ரிபியூன் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் மார்வெல் என்ற அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனம் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர் ஸ்டான் லீயும் கீறுகிற ஜாக் கிர்பியும் இருந்து கதை பேசுவதைக் கூட இருந்து பார்த்துத்தான் நிருபர் எழுதினார். எழுதினதில் லீ மினுங்குகிற கதாநாயகன். பக்கம் பக்கமாகக் கீறித் தள்ளிய கிர்பியோ, சுரங்க ரயிலில் பக்கத்தில் நின்றால் பெண்கள் உள்ளாடைத் தொழிற்சாலையின் உதவி மேற்பார்வையாளர் என்று நினைக்க வைக்கிற ஆள். கிர்பியையும் மனைவி ரோஸையும் அது நன்றாகவே சுட்டது. கிர்பி 1970 இல் மார்வெலை விட்டுப் போனதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், காரணங்கள் கனக்க. ஆனால் பார்த்து எழுதினவரே அப்படி எழுதினார் என்பதை மறக்கவேண்டாம்.

இனி மற்றப் பக்கம். முதற்பாகத்தின் 14 ஆம் பக்கத்தில் இரவுக் கடல், படகின் அணியத்தில் ஒரு லாந்தர், அந்த வெளிச்சம் தண்ணியில் விழுந்து நெளிகிறது. மூன்று நாள் இருந்து கீறினது. பேட்டியிலும் அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள், அழகியல் அது இது என்று இரண்டு வரியும் எழுதியிருந்தார்கள். பளைப் பக்கம் இருக்கிற ஒரு ஐயா குழுவில் குரல்பதிவு போட்டார், அப்படியே தருகிறேன்: "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உப்பிடி லாந்தர் கொளுத்திக்கொண்டு ஒருத்தரும் போகேல்லை. வெளிச்சம் தெரிஞ்சா நேவி அடிப்பான். கரையிலை ஜாம் போத்தில் விளக்கு, ஏறேக்கை அதையும் நூத்துப்போடுவம். பீடி பத்தினாலே ஏச்சு விழும்." மூன்று நாள் வேலை முப்பது செக்கனில் போச்சு. இரண்டாம் அச்சில் அந்தப் பக்கம் முழுக் கறுப்பு. அம்மம்மாவின் சீலைக் கரையும், சாக்குக்கு வெளியே தெரிகிற மெசின் சில்லின் ஒரு வளைவும் மட்டும் வெள்ளை. இப்போது வாங்குகிற ஆக்கள் எல்லாரும் முதலில் சொல்வது அந்தப் பக்கத்தைத்தான்.

நிருபர் கேட்ட முதல் கேள்வி "இந்தத் துறைக்குள் எப்படி வந்தீர்கள்?" வாசகர் கேட்ட முதல் கேள்வி "அந்த மெசின் எத்தினை கிலோ, வயசு போன மனுசி எப்பிடித் தூக்கினவ?" இரண்டாவதுக்குப் பதில் தேடப் போய்த்தான் இரண்டாம் பாகமே வந்தது.

எங்கள் ஊருக்கு இது புதிசும் இல்லை. 1963 இல் சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கிய சுந்தர், சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைக் கீறின அதே கையால் மகுடி என்ற பெயரில் வாசகர் கேள்விக்குப் பதிலும் எழுதினார். பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன, எடுத்துப் பாருங்கள். மகுடி பதிலை இன்றைக்கும் வாயால் சொல்கிற கிழவர்மார் இருக்கிறார்கள். சுந்தர் கொடுத்த பேட்டி ஒன்றை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972 இலும் லயன் காமிக்ஸ் 1984 இலும் வரத் தொடங்கின. லயனின் ஆசிரியர் விஜயன் கீறுகிறவர் இல்லை, ஆனாலும் 'ஹாட்லைன்' என்ற பகுதியில் அடுத்து என்ன வருகிறது, ஏன் பிந்தியது என்று வாசகரோடு வீட்டு ஆள் மாதிரிக் கதைப்பார். ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிற கூட்டம் அவர்களுக்கு இருக்கிறது என்றால் அதில் அப்படிக் கதைப்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். அமெரிக்க இதழ்களில் 1960களின் தொடக்கத்தில் கடிதத்தோடு எழுதினவரின் முகவரியையும் போட்டார்கள். வாசகருக்கு வாசகர் எழுதத் தொடங்கினார்கள், தாங்களே சின்னச் சின்ன இதழ் அடித்தார்கள். அப்படி எழுதித் திரிந்த ரோய் தோமஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1965 இல் மார்வெலுக்குள் போய் 1972 இல் அதன் தலைமை ஆசிரியரே ஆனார்.

அப்படியென்றால் ஏன் குழுவை விட்டேன் என்று கேட்பீர்கள். பராமரிப்பு. தம்பிமார் இதைத்தான் யோசிக்கிறார்கள் இல்லை. மாடு வாங்குவது ஒருநாள் வேலை, வைக்கல் போடுவது ஒவ்வொரு நாளும். குழுவில் 212 பேர். விடிந்தால் காலை வணக்கப் படம், பிறகு நல்லூர்த் தேர், "பீடிஎப் இருந்தா போடுங்கோ அண்ணா", இரவு ஒரு மணிக்கு லண்டனில் இருந்து "அண்ணா நித்திரையோ". இடைக்கிடை பொன்னான ஒரு கேள்வி வரும், அது எப்போது வரும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். பெப்ரவரி மாதம் ஒரு கொப்பியில் குறித்தேன். இரவுக்குச் சராசரி ஒன்றரை மணித்தியாலம், 28 இரவுக்கு 42. பென்சிலில் தொடங்கி மை காயும் வரை ஒரு பக்கம் எனக்கு ஆறு மணித்தியாலம் பிடிக்கும், ஆக ஏழு பக்கம் குழுவுக்குள் போய்விட்டது. அந்த மாதம் நான் கீறி முடித்தது மூன்று பக்கம். பகலில் அச்சகத்தில் வேலை, இரவு மட்டும்தான் எனக்கு. இரண்டு நாள் பதில் போடாமல் விட்டால் "ஆளுக்குத் தலைக்கனம் வந்திட்டுது" என்ற கதை வேறு. இன்னொன்றும் நடந்தது, சொல்ல வெட்கம்தான். குழுவில் பலபேர் படகுக்காரனை நல்லவனாக்கச் சொன்னார்கள், நானும் அவர்களைச் சந்தோசப்படுத்த நாலு பக்கம் கீறிவிட்டுப் பிறகு கிழித்தேன். ஆக, பதினொரு பக்கம்.

பேட்டிக்கு இந்தச் செலவு இல்லை, படம் எடுத்ததோடு சேர்த்து இரண்டு மணித்தியாலம், முடிந்தது. பிழையாக வந்தால் மட்டும் அதற்கும் வைக்கல் போடவேண்டும். பெரியம்மாவுக்கு இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடிதப் பக்கத்துக்கு நாலு மாதத்துக்கு ஒரு ஞாயிறு போதும். புத்தகம் நாலு மாதத்துக்கு ஒன்று. வருகிற கடிதங்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்து, பக்கம் கட்டுகிற கிழமை ஒரே இருப்பில் வாசித்துக் கையெழுத்திலேயே பதில் எழுதிப் போடுகிறேன். எழுதுகிறவரும் முத்திரை ஒட்டவேண்டும் என்பதால் யோசித்துத்தான் எழுதுகிறார், பீடிஎப் கேட்டு ஒருவரும் முத்திரை ஒட்டமாட்டார். ஆனால் லாந்தர் விசயம் குழுவில்தான் வந்தது. கடிதம் எழுதுங்கோ என்றால் அந்த ஐயா எழுதியிருப்பாரோ தெரியாது. அதனால் குரல்பதிவுக்கு மட்டும் ஒரு நம்பர் வைத்திருக்கிறேன், ஞாயிறு மட்டும் திறப்பேன்.

நேரே கதைத்தால் எல்லாம் உண்மை என்றும் இல்லை. மார்வெலில் வாசகரோடு கதைத்தது பெரும்பாலும் லீயின் குரல்தான், 1967 இல் இருந்து அவருக்கென்று தனிப் பத்தியே இருந்தது. மைக் யார் கையிலோ கதை அவர் பக்கம். அதே கிர்பி 1980களில் தன் மூலப் படங்களைத் திருப்பித் தரும்படி மார்வெலோடு இழுபட்டபோது, தி கொமிக்ஸ் ஜேர்னல் என்ற விமர்சன இதழ் அதைத் தூக்கிப் பிடித்து எழுதினது பெரிய பலமாக இருந்தது. 1987 இல் ஒரு பகுதியாவது கைக்கு வந்தது. உங்கள் புத்தகத்தை யாராவது திருடினால் சொந்தக் கடிதப் பக்கத்தில் புலம்பிப் பிரயோசனமில்லை, நிருபரிடம்தான் போகவேண்டும். அதற்காகவாவது அந்தப் பெடியனின் நம்பரை வைத்திருக்கிறேன். பேட்டியே வேண்டாம் என்று இருந்த ஸ்டீவ் டிட்கோ வழியும் உண்டு. 1960களின் கடைசியில் இருந்து 2018 இல் இறக்கும் வரை அவர் பேட்டிக்கு மறுத்தார், ஆனால் கடிதம் எழுதின வாசகருக்குக் கையால் பதில் போட்டார். அவர் ஸ்பைடர்மேனைக் கீறிவிட்டு அப்படி இருந்தார், 300 பிரதிக்காரனுக்கு அது கட்டுமோ என்று எனக்குச் சந்தேகம்.

யூடியூப் பேட்டி பற்றிக் கேட்காதீர்கள், ஒன்றுதான் கொடுத்தேன், அதிலும் பாதி நேரம் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வெட்டாமல் முழுதாகப் போடுவதால் பேப்பரை விட நல்லதாக இருக்கலாம். கனடாவில் இருக்கிற வாசகருக்குக் கடிதப் பக்கம் சரிவருமோ என்பதும் இனித்தான் பார்க்கவேண்டும், இதுவரை அங்கிருந்து இரண்டே கடிதம்.

மூன்றாம் பாகத்துக்குப் பெட்டியில் பதினொரு கடிதம் இருக்கிறது, இடம் எட்டுக்குத்தான். வேலணையில் இருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொப்பித் தாளில் தையல் மெசின் கீறி அனுப்பியிருக்கிறாள். தைக்கிற ஆளுக்கு வலப்பக்கம்தான் கைச்சில்லு வரும், எங்கள் வீட்டு மெசினைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று கீழே எழுதியிருக்கிறாள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மம்மா தைக்கிற ஆறு படத்திலும் சில்லு இடப்பக்கம்.