பொன்னாடையும் பென்சில் நோட்டும்

பயணத்தைப் பற்றிப் புகார் சொல்ல அதிகமில்லை. பெர்த்திலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு. டிஜிட்டல் வருகை அட்டையை முன்பே நிரப்பியிருந்ததால் குடிநுழைவில் பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். பிறந்த நாட்டில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்பது எனக்குப் பழகிவிட்டது. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. நான் ஆஸ்திரேலியக் கடப்பிதழுக்கு மாறியவன்.

விமான நிலையத்திலிருந்து ஜெட்டி எனும் படகுத்துறைக்கு பஸ், அங்கிருந்து மறுகரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு ஃபெரி. கார்களையும் சுமந்துகொண்டு ஆடி அசைந்து வந்த பழைய ஃபெரிகள் போய்விட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதியவை ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. குளிரூட்டி உண்டு, நேரமும் தவறவில்லை. கடல் காற்று மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டது.

அடுத்த நாள் அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கார் நிறுத்த இடம் தேடி ஐம்பது நிமிடம் சுற்றினேன். பதிவு முகப்பில் ஒரு வரிசை, இரத்தம் எடுக்க ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. மருந்தை ஒரு மாதத்துக்குத்தான் கொடுத்தார்கள். மீதிக்கு மறுபடி வர வேண்டுமாம். இதையெல்லாம் காரசாரமாக எழுதவேண்டும் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டே இருந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "குடிமகனுக்கு வெளிநோயாளர் பதிவு ஒரு ரிங்கிட். உனக்கு என்ன கட்டணம் என்று கேட்டுப் பார்த்தாயா?" என்றார். கேட்கவில்லை.

ஆனால் நான் இந்த மே மாதத்தில் விடுப்பு எடுத்து வந்தது வேறு காரியத்துக்காக. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா.

எங்கள் ஊரில் செவிலியரை எல்லா இனத்தாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டுக்குப் பொறுப்பானவர் சிஸ்டர், அவருக்கும் மேலே மேட்ரன். அக்கா மிஸ்ஸியாகச் சேர்ந்து, சிஸ்டராகி, பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு கோவிட் வார்டை நடத்தி, பிறகு ஓய்வுபெற்றவர். தெருவுக்கு அவர் இன்னமும் மிஸ்ஸி அக்காதான்.

விழாவை மே 12, உலகச் செவிலியர் நாளில் வைத்திருந்தார்கள். ஏழு மணி என்று அழைப்பிதழில் இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்தபோது எட்டேகால். அவர் நாற்பது நிமிடம் பேசினார், அதில் முப்பது அவரைப் பற்றி. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஐச் செவிலியர், மகப்பேறு மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்ததை மட்டும் பொருத்தமாக நினைவுபடுத்தினார். கிருமி வருவதற்கு முன்பே வைத்த பெயர் அது. பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுச் சின்னம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். "சிஸ்டர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று அறிவிப்பாளர் சொன்னபோது பாதிக் கூட்டம் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டிருந்தது. அக்கா நன்றி சொல்லிவிட்டு, "மீகூன் ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்" என்று இறங்கிவிட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. எல்லாரும் 'தியாகம்', 'தெய்வம்' என்றார்கள். அவர் செய்த வேலை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை அவர் வீட்டு வாசலில் தேநீருக்கு உட்கார்ந்து நானே கேட்டேன். உள்ளே போய் நீண்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டது, முழுவதும் பென்சில். யாருக்கு எந்நேரம் வேலை என்று மருத்துவமனையில் கணினியில் ஏற்றும் டியூட்டி ரோஸ்டரை முதலில் இதில்தான் போட்டுப் பார்ப்பாராம்.

"நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது 2020 மார்ச் 18. அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை தம்பி" என்றார். ஒரு மிஸ்ஸிக்குத் தொற்று என்றால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு மற்றதோடு ஒரே நேரத்தில் ஓய்வறைக்குப் போகக்கூடாது. பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டால் கழற்றும்வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்கும் போக முடியாது. ஆகவே எட்டு மணி நேர ஷிப்டை உள்ளே பாதி, வெளியே பாதி என்று வெட்டினார். கைக்குழந்தை உள்ளவர், இரத்தக் கொதிப்புள்ளவர், வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்ப்பவர், ஒவ்வொருவருக்கும் ஓரத்தில் ஒரு குறி. நோன்பு மாதத்தில் உடைக்குள் யாரை எந்நேரம் அனுப்புவது என்பதற்குத் தனிப் பக்கமே இருந்தது.

பெருநாள் விடுப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் சிரித்தார். ஹரிராயா எனும் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மற்றவர்கள் வேலை பார்ப்பதும், தீபாவளிக்கு அவர்கள் நமக்காக நிற்பதும் வார்டுகளில் என்றைக்கும் உள்ள வழக்கம். மாநில எல்லைகளை மூடியபிறகு விடுப்பு கிடைத்தாலும் ஊருக்குப் போக முடியாது. "கேட்கவே ஆளில்லை. அந்த ஒரு தலைவலி மட்டும் குறைந்தது."

துப்புரவுப் பணியாளர்களும் தள்ளுவண்டி தள்ளும் உதவியாளர்களும் கடைசிப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் ஒப்பந்த ஆட்கள், ரோஸ்டர் வேறு எங்கோ போடப்படும். ஆனாலும் எழுதி வைத்திருந்தார். "யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

இப்போது நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் அப்பா அக்காவின் வார்டில்தான் பதினொரு நாள் கிடந்தார். மலேசியாவில் தொற்று உச்சத்தில் இருந்த மாதம் அது. 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேர். ஆஸ்திரேலியா தன் குடிமக்களையே தனி அனுமதியில்லாமல் வெளியே விடாத காலம். ஆக, நான் செய்ய முடிந்தது தொலைபேசியில் கத்துவது மட்டும். வார்டு எண்ணை யாரும் எடுக்காததால் அக்காவின் சொந்த எண்ணுக்கே அடித்தேன். முதல் நாள் விசாரித்தேன், மூன்றாம் நாள் அதட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, "நீங்கள் எதற்கு சம்பளம் வாங்குகிறீர்கள்?" என்றே கேட்டுவிட்டேன். சிறு வயதில் எனக்குச் சோறு ஊட்டியவரைப் பார்த்து. அவர் பதில் சொல்லாமல் அப்பாவின் ஆக்சிஜன் அளவைச் சொன்னார், எவ்வளவு கஞ்சி குடித்தார் என்று சொன்னார், வைத்துவிட்டார். அப்பா பிழைத்து வந்து இன்றுவரை அந்தக் கஞ்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்கா தேநீர் எடுத்துவர உள்ளே போனபோது நோட்டை நான் புரட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஆகஸ்டு 20. அந்தக் கட்டத்தில் ஒன்பது பெயர்களின் மேல் கோடு, தனிமைப்படுத்தல். மேலே முதல் வரிசையில் அக்காவின் பெயருக்கு நேரே 'ஓய்வு' என்று எழுதி, அழித்து, 'காலை' என்று எழுதி, அதற்குப் பக்கத்திலேயே 'இரவு' என்றும் எழுதியிருந்தது. அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"என்ன தேடுகிறாய்?" என்று கேட்டபடி வந்தார். பொன்னாடை பின்னால் நாற்காலி முதுகில் கிடந்தது. அதன்மேல் பூனை படுத்திருந்தது.

"அன்றைக்கு நான் பேசியது…" என்று தொடங்கினேன்.

"எல்லாரும்தான் பேசினார்கள். சீனி போதுமா பார்" என்றார்.