ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் அறிமுக ஆன்லைன் வகுப்பு: யாங்கோனில் ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நோயாளியின் விவரத்தை எப்படிப் பதிவது, எப்படிச் சேமிப்பது, பொருள் மாறாமல் இன்னோர் இடத்துக்கு எப்படி அனுப்புவது என்று சொல்லித்தரும் படிப்புதான் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ். தமிழில் சுகாதாரத் தகவலியல். இங்கே பேசப்போவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் நான்கு வார அறிமுக வகுப்பைப் பற்றி. வகுப்பு முடிந்து ஓராண்டு ஆகிறது. அதில் வந்த பாடத்தைத் தினசரிக் கிளினிக் பதிவேட்டில் போட்டுப் பார்த்த பிறகு எழுதும் பகிர்வு இது. மியான்மரில், யாங்கோனிலோ மோல்மேனிலோ கிளினிக் முன்மேசை, லேப், மருந்துக்கடை வேலையில் இருக்கும் நம் தமிழர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடலாம். கலைச்சொற்களும் தரநிலைகளும் இந்த வகுப்பில் நன்றாகவே வருகின்றன. ஆனால் வகுப்பில் வரும் நோயாளிக்கு முதல் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். நம் பதிவேட்டில் இருப்பவருக்கோ இரண்டு பெயர், குத்துமதிப்பான வயது, பாதி அழிந்த எண். பக்கத்தில் நம் பழைய பதிவேட்டின் பத்து வரிகளை வைத்துக்கொண்டு படித்தால் இந்த வகுப்பு தங்கம். வீடியோவை மட்டும் பார்த்து முடித்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

வாரம் 3 மணி நேரம் போதும் என்று அறிமுகப் பக்கத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிப் பழக்கம் குறைந்தவர்கள் 6 மணி நேரம் ஒதுக்குங்கள். சக மாணவர்கள் மதிப்பெண் போடும் எழுத்துப் பயிற்சி வரும் வாரத்தில் 8. கரண்ட் வரும் நேரத்தை நம்பி வீடியோ பார்க்கத் திட்டமிட வேண்டாம். இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் அந்த வாரத்து வீடியோ முழுவதையும் 360 தரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே பேச்சின் உரைவடிவத்தையும் இறக்குங்கள். போனில் சார்ஜ் குறைவாக இருந்தாலும் உரையைப் படித்துவிடலாம், வினாடிவினாவும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. கேள்விகளுக்கு முதலில் தாளில் விடை எழுதிக்கொண்டு பிறகு மொத்தமாகப் பதியுங்கள். பாதியில் இணைப்பு போனால் ஒரு முயற்சி வீணாகலாம். கெடு நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) 23:59 என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் காலை 6:29. நம் நேரம் யுடிசியைவிட ஆறரை மணி முன்னே ஓடுகிறது என்பது பின்னால் பாடத்திலும் வரும்.

முதல் வாரம் வரலாறு. லாரன்ஸ் வீட் 1968இல் முன்வைத்த, பிரச்சினைவாரியாக மருத்துவக் குறிப்பு எழுதும் முறையை மட்டும் ஊன்றிப் படியுங்கள். ஒரே ஆளுக்குச் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி மூன்றும் இருந்தால் மூன்றையும் தனித்தனித் தலைப்பில் எழுத வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வருகிறது. 1996, 2009 ஆண்டுகளின் அமெரிக்கச் சட்டங்களுக்கும் இன்ஷூரன்ஸ் பில்லிங்குக்கும் போகும் நேரம் நமக்கு அதிகம். ஒருமுறை வாசித்துத் தேர்வு எழுதிவிட்டு நகருங்கள். வேலைக்குத் தேவையான விவரத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் வாரம்தான் வகுப்பின் உயிர்: குறியீடுகள். நோய்க்கு உலகச் சுகாதார அமைப்பின் ஐசிடி, லேப் பரிசோதனைக்கும் பிரஷர் போன்ற அளவீட்டுக்கும் லாய்ங்க். ஐசிடி-11 பதிப்பு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. பாடத்தில் பெரும்பாலும் ஐசிடி-10தான் வருகிறது, அது குறையில்லை. லாய்ங்க் 1994இல் தொடங்கியது, இலவசம். ஹீமோகுளோபினுக்கு 718-7 என்று ஓர் எண். சர்க்கரைக்கு வரும்போது பலர் தடுமாறுவார்கள். டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்தால் 2345-7, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் அளந்தால் 14749-6. ஒரே ரத்தம், ஒரே பரிசோதனை, எதற்கு இரண்டு எண்? லேப் தாளைப் பார்த்தால் விடை தெரியும். மில்லிகிராம் கணக்கை 18ஆல் வகுத்தால் மில்லிமோல். 126 என்பதும் 7.0 என்பதும் ஒரே அளவு. அலகு எழுதாமல் 7 என்று மட்டும் பதிந்துவிட்டு, படிப்பவர் மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்க வேண்டியவர் ஆகிவிடுவார். எண்ணையும் அலகையும் தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். அலகு காலியாக இருந்தால் பதிவு ஏறவே கூடாது.

பிரஷரும் அப்படித்தான். 140/90 என்று ஒரே கட்டத்தில் எழுதுவது நம் வழக்கம். அது கணினிக்கு எண் அல்ல, வெறும் எழுத்து. மேல் எண்ணுக்கு 8480-6, கீழ் எண்ணுக்கு 8462-4 என்று இரண்டாகப் பிரித்தால்தான், மேல் எண் 140க்கு மேல் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விடை வரும்.

மூன்றாம் வாரம் ஃபயர் என்று உச்சரிக்கப்படும் பரிமாற்றத் தரநிலை. சுகாதாரத் தகவல் பரிமாற்றத் தரநிலைகளை வகுக்கும் ஹெச்எல்7 அமைப்பின் வெளியீடு. நான்காம் பதிப்பை வைத்துப் பாடம் நடக்கிறது. பயிற்சிக்கு ஹேப்பி என்ற பொதுச் சோதனைச் சர்வரில் நோயாளிப் பதிவை ஏற்றச் சொல்வார்கள். அது உலகமே பார்க்கும் இடம், அவ்வப்போது துடைத்தும் விடுவார்கள். உண்மையான நோயாளி ஒருவரின் பெயர்கூட அங்கே போகக்கூடாது. சிந்தியா என்ற இலவச மென்பொருள் கற்பனை நோயாளிகளை உருவாக்கித் தரும், அதைப் பயன்படுத்துங்கள். இயல்பாக விட்டால் எல்லாரும் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆட்களாகவே வருவார்கள் என்பதால், பெயரையும் முகவரியையும் நம் ஊருக்கு மாற்றி எழுதிப் பழகுங்கள். அந்த மாற்று வேலையில்தான் பாடமே இருக்கிறது. பரிசோதனை நேரத்தை எழுதும்போது கடைசியில் +06:30 சேர்க்க வேண்டும். +6.5 என்று எழுதினால் சர்வர் ஏற்காது. மாதிரியில் இருக்கும் +00:00ஐ அப்படியே விட்டால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் காலை 9 மணி ரத்தம் மாலை மூன்றரை மணி ரத்தம் ஆகிவிடும். பிறந்த தேதிக் கட்டத்தில் ஆண்டு மட்டும் எழுத ஃபயர் அனுமதிக்கிறது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 போடும் பழக்கத்தை அன்றே விட்டுவிடலாம். வயதை மட்டும் எழுதிவைப்பதும் வேண்டாம், அடுத்த ஆண்டே அது தவறாகிவிடும்.

இனி, வகுப்பு தொடாத இடம்: பெயர்.

பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று பெயரின் கடைசித் துண்டைப் பிய்த்துப் போட்டால், அண்ணன் தம்பி இருவரும் வெவ்வேறு குடும்பம் ஆகிவிடுவார்கள். ஃபயரில் பெயரை முழுதாக எழுத ஒரு கட்டம் தனியாக உண்டு, அதில் எழுதினால் போதும். ஒருவருக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் சேர்க்கவும் இடமிருக்கிறது. நமக்கு அது பெரிய உதவி. வீட்டிலும் கோயிலிலும் முருகையா, அடையாள அட்டையில் ஊ டின் மவுங் என்றால், அட்டைப் பெயரை அலுவல் பெயர் என்றும் மற்றதை வழக்குப் பெயர் என்றும் ஒரே பதிவில் வையுங்கள். அடைமொழியைப் பெயரோடு ஒட்டாதீர்கள். இளம் வயதில் கோ, பின்னால் ஊ என்று அது ஆளோடு மாறும், ஒட்டி எழுதினால் ஒருவர் இருவராகிவிடுவார். ஆனால் சிறுவர்களுக்கான அடைமொழியான மவுங் என்று தொடங்கும் எல்லாப் பெயர்களிலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் கூடாது. சிலருக்கு அது பெயரின் பகுதி.

ஒலிச் சிக்கலும் உண்டு. பர்மியத்தில் ரகர எழுத்தை யகரமாக வாசிப்பது வழக்கம். ரங்கூன் யாங்கோன் ஆனது அந்த வழியில்தான். அட்டையைப் பார்த்து அடிப்பவர் ராமசாமி என்று எழுதுவார், காதால் கேட்டு அடிப்பவர் யாமசாமி என்று எழுதுவார். பெயரை மட்டும் வைத்துத் தேடாமல் தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு, டவுன்ஷிப் மூன்றையும் சேர்த்துத் தேடினால் இரட்டைப் பதிவு பெருமளவு பிடிபடும். அடையாள அட்டை எண்ணைக் கட்டாயமாக்க வேண்டாம். அட்டை இல்லாதவர்கள் நம் ஆட்களிலேயே உண்டு, அவர்களுக்கும் காய்ச்சல் வரும்.

அட்டை எண்ணை அடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பர்மிய எழுத்தில் சுழியமும் வகர எழுத்தும் பார்வைக்கு ஒன்று. தமிழில் ககரமும் பழைய ஒன்று என்ற எண்ணும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒரே எண்ணாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கும், தேடினால் கிடைக்காது. கடைசி ஆறு இலக்கத்தைத் தனிக் கட்டமாக்கி 0 முதல் 9 வரை மட்டும் ஏற்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

பழைய கோப்புகளில் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய பட்டியல்களில் பலவும் ஜாவ்ஜிதான். பாமினியில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு இது எளிதில் புரியும்: கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிப்பது பாமினியிலும் ஜாவ்ஜியிலும், எழுத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் சேமிப்பது யூனிகோடில். ஜாவ்ஜியும் பர்மிய யூனிகோடும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்துவதால் கணினி தானாகப் பிரித்தறியாது. கூகுளின் மியான்மர் டூல்ஸ் எது எது என்று கணித்துச் சொல்லும். நீண்ட வாக்கியத்தில் நன்றாகச் சொல்கிறது, இரண்டெழுத்துப் பெயரில் தடுமாறுகிறது. ஆகவே மூலப் பத்தியை அழிக்காமல், மாற்றியதைப் பக்கத்துப் பத்தியில் போட்டு, பெயர்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள்.

வகுப்பு எக்ஸெலைப் பற்றிப் பேசுவதில்லை, நம் வேலையோ அதில்தான் தொடங்குகிறது. டைஃபாய்டுக்கான வைடால் முடிவை 1/80 என்று அடித்தால் எக்ஸெல் அதை 1980 ஜனவரி ஆக்கிவிடும். 1/160 தப்பித்துவிடும். ஆகவே ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி எழுத்து. 09இல் தொடங்கும் போன் எண்ணில் முன் சுழியம் காணாமல் போகும். அடிக்கத் தொடங்கும் முன்பே பத்தி முழுவதையும் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போனது போனதுதான்.

ஓராண்டில் தினமும் கைகொடுத்தவை அலகு, குறியீடு, தேதி, பெயர் ஆகிய நான்கும். தரவுத்தளக் கோட்பாடும் பழைய ஹெச்எல்7 செய்தி அமைப்பும் பயன்படுத்தாமலே மங்கிவிட்டன. அடுத்ததாக, சுகாதார அறிக்கைகளைத் திரட்டும் டிஹெச்ஐஎஸ்2 மென்பொருளைக் கற்க விரும்பினால் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் அகாடமியில் அடிப்படை வகுப்பு இலவசம். மியான்மரின் பொதுச் சுகாதார அறிக்கைகளுக்கும் அந்த மென்பொருள் பயன்பட்டிருக்கிறது. செய்துபார்க்கச் சியரா லியோன் பெயரில் மாதிரித் தரவு கொடுக்கிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது சுழியம். மலேரியா 0 என்பதும் காலிக் கட்டமும் ஒன்றல்ல. முதலாவது பரிசோதித்தும் யாருக்கும் இல்லை என்பது, இரண்டாவது அறிக்கையே வரவில்லை என்பது. அந்த மென்பொருள் இயல்பாகச் சுழியத்தைச் சேமிப்பதில்லை, ஒவ்வொரு தரவு உறுப்பிலும் சேமிக்கச் சொல்லி அமைக்க வேண்டும்.

சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் கட்டலாம். உள்ளூர் வேலைக்கு, வகுப்பு நடக்கும்போதே நம் பதிவேட்டுக்கு ஒரு தரவு அகராதி (எந்தக் கட்டத்தில் எதை எப்படி எழுதுவது என்ற பட்டியல்) எழுதி இரண்டு பக்கமாக அச்சடித்து முன்மேசைக் கண்ணாடிக்கடியில் வைப்பது மேல். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: பிரஷர் மேல் எண், அலகு மி.மீ. பாதரசம், முழு எண் மட்டும், 50க்குக் கீழ், 300க்கு மேல் என்றால் மறுபடி அளக்கவும், அளக்காவிட்டால் 0 போடாமல் 'அளக்கவில்லை' என்று தேர்வு செய்யவும், லாய்ங்க் 8480-6.