பாசெலின் இரண்டு கிரேக்க ஏடுகள்

சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு கிரேக்க நற்செய்திப் பிரதிகள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றுக்கு இட்ட எண்கள் 1, 2. இரண்டுமே தோலில் சிற்றெழுத்தில், அதாவது சேர்த்தெழுதும் சிறிய கிரேக்க எழுத்துகளில் எழுதப்பட்டவை, டச்சு அறிஞர் எராஸ்முஸின் கைபட்டவை.

1516-இல் அவர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நற்செய்திப் பகுதிக்கு அச்சகம் போனது 2-ஆம் பிரதி. பழந்தோலின் மீதே அவர் திருத்தங்களை எழுதினார். அச்சுக்கோத்தவர்களின் குறிகளும் அதில் இன்றும் நிற்கின்றன. நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அதன் பாடமோ, அதாவது அதிலுள்ள சொல்வடிவமோ, பைசாந்திய உலகில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் கிரேக்க உலகில், எங்கும் வழங்கிய பொதுப் பாடம்தான்.

12-ஆம் நூற்றாண்டின் 1-ஆம் பிரதியை நான் ஒருபடி மேலே வைப்பேன். வெளிப்படுத்தின விசேஷம் தவிரப் புதிய ஏற்பாடு முழுவதும் அதில் உண்டு. நற்செய்திகளில் பழைய பாடத்தின் சாயல் தெரிகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவான் 8-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் இல்லை. அந்த நற்செய்தியின் கடைசியில், பெரும்பாலான பிரதிகளில் இது காணப்படவில்லை என்ற குறிப்போடு நிற்கிறது. படியெடுத்தவர்களின் இந்த நேர்மை எவ்வளவு பெரிது! எராஸ்முஸ் இப்பிரதியை அதிகம் நம்பவில்லை. 1902-இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் கிர்சாப் லேக்தான் இதையும் இதன் உறவுப் பிரதிகளையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து ஆராய்ந்து வெளியிட்டார்.