டிஏ மெஷின் என்று சொல்லி ரோட்டரியில் அடிக்கிறார்கள்: காரைப் பாலிஷுக்கு விடும் முன் படியுங்கள்

கருப்பு கார். ‘த்ரீ ஸ்டேஜ் பெயிண்ட் கரெக்‌ஷன், டிஏ மெஷின்லதான் பண்றோம், மேல செராமிக் கோட்டிங்’ என்று பேசி முடித்த வேலை. பெயிண்ட் கரெக்‌ஷன் என்றால் பெயிண்டில் உள்ள கீறலை மெஷினால் தேய்த்து எடுப்பது. டிஏ (டூயல் ஆக்‌ஷன்) என்பது பேட் சுற்றிக்கொண்டே வட்டமும் அடிக்கும் பாலிஷ் மெஷின்; ரோட்டரி என்பது ஒரே அச்சில் மட்டும் சுற்றுவது. காலையில் விட்ட வண்டி சாயங்காலம் ஏழு மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று கைக்கு வருகிறது. மறுநாள் வெயிலில் நிறுத்தினால், மெஷின் போன பாதையிலேயே பானட் முழுக்க வில் வில்லாக மங்கல் கோடுகள். நாம் நகர்ந்தால் அவையும் நகர்கின்றன. கேட்டால், ‘கருப்பு வண்டின்னா அப்படித்தான் சார் தெரியும்.’

அப்படியெல்லாம் இல்லை. அதற்குப் பெயர் ஹோலோகிராம். ரோட்டரியில் கம்பளிப் பேட் வைத்து அடித்துவிட்டு, ஃபினிஷிங்கை முழுங்கிவிட்டால் இப்படித்தான் நிற்கும். கணக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒரு செடானுக்கு ஒழுங்காக ஒரு ஸ்டேஜ் போடவே ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். மூன்று ஸ்டேஜையும் கோட்டிங்கையும் ஒரே பகலில் ஒருவர் முடித்தார் என்றால், முடிக்கவில்லை என்று அர்த்தம்.

ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றும். 600 முதல் 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை வேகம் இருந்தாலும், பெயிண்டில் 1,000 முதல் 1,800-க்குள்தான் வேலை. ஆழமான கீறலை வேகமாக எடுக்கும். சூடும் அதே வேகத்தில் ஏறும். அதை வைத்திருப்பது குற்றமில்லை. நல்ல கைக்காரர் ரோட்டரியில் கீறலை வெட்டி எடுத்துவிட்டு டிஏவில் ஃபினிஷ் செய்தால் ஒரு கோடும் மிஞ்சாது. டிஏ காசு வாங்கிக்கொண்டு அந்த இரண்டாம் பாதியைச் செய்யாமல் விடுவதுதான் மோசடி.

டிஏவில் பேட் சுற்றிக்கொண்டே நடுப்புள்ளியும் வட்டமடிக்கும். அதனால் சூடு ஓரிடத்தில் தங்காது. அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் 8, 15, 21 மி.மீ. என்கிறார்கள். இத்தாலிய ரூபெஸ் கம்பெனியின் பிக்ஃபுட் மெஷின்கள் வந்த பிறகு 15, 21 பெயர் பெற்றன. 21 பானட், ரூஃப் போன்ற அகலமான இடத்துக்கு. வளைவு நெளிவுள்ள கதவு, ஃபெண்டருக்கு 15 வசதி. இதன் பலவீனம் ஒன்று: அழுத்தினாலோ வளைவில் சாய்ந்தாலோ பேட் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். அப்போது கீறல் போகாது, பேட்டின் நடுப்பகுதி சூடேறி வெல்க்ரோ உருகும். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், பேட் சுற்றுகிறதா இல்லையா என்று எட்ட நின்றே பார்க்கலாம். ‘டிஏவில் கட் ஆகாது’ என்று சொல்லும் கடைகளில் இந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வகை ஃபோர்ஸ்டு ரொட்டேஷன். ஃப்ளெக்ஸ் கம்பெனியின் எக்ஸ்சி 3401 மெஷின் இந்த வகை: 8 மி.மீ. வட்டம், கியரில் சுற்றுவதால் அழுத்தினாலும் நிற்காது. கட்டிங் நன்றாக இருக்கும், ஆனால் விளிம்பில் ஏமாந்தால் இதுவும் சுட்டுவிடும்.

எல்லாவற்றையும் விட மோசம், ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டுவது. நாலு இஞ்ச் கிரைண்டர் பொதுவாக 11,000 ஆர்பிஎம். ஆறு இஞ்ச் பேட்டின் விளிம்பு 1,500-ல் மணிக்கு சுமார் 43 கி.மீ. வேகத்தில் ஓடும், 11,000-ல் 300 கி.மீ.யைத் தாண்டும். பிளேட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் இதற்குப் பக்கத்தில்கூட இருக்காது. ஐந்து இஞ்ச் கிரைண்டருக்கும் ரோட்டரிக்கும் பெரும்பாலும் ஒரே எம்14 மரை என்பதால் பிளேட் சுலபமாக ஏறிவிடும், வினையே அங்கேதான். வேகம் குறைக்கும் கிரைண்டர் என்பார்கள். அவற்றில் பல 2,800-லிருந்துதான் தொடங்கும்.

நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமில்லாத படலமான கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். விளிம்பிலும் பாடி லைனிலும் இன்னும் மெல்லிசு. அதனால்தான் மாஸ்கிங் டேப் ஒட்டுவது. பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, தகட்டை விட முதலில் கருகுவது அதுதான். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேட்டில் வண்டியின் நிறம் ஒட்டினால், அந்த இடத்தில் கிளியர் போய்விட்டது என்று பொருள்.

பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டரைக் காட்டி ‘120 மைக்ரான் இருக்கு, கவலையே படாதீங்க’ என்பதும் ஒரு வித்தை. சாதாரண மீட்டர் காட்டுவது பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்த கனம். கிளியர் எவ்வளவு என்று அது சொல்லாது. 200-க்கு மேல் காட்டினால் ரீபெயிண்ட் ஆன பேனலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஃபில்லர். கிளேஸோ எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷோ கீறலை நிரப்பி மறைக்கும். சில வாஷில் கரைந்துபோகும். கோட்டிங் போடும் முன் வண்டியைப் பார்க்கக் கேளுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். டியூப் லைட் எவ்வளவு கீறலையும் மறைக்கும், ஒற்றைப் புள்ளி வெளிச்சம் மறைக்காது. கோட்டிங் ஏறிவிட்டால் ஹோலோகிராம் அதற்குள் பூட்டிக்கொள்ளும்; எடுக்க வேண்டுமானால் கோட்டிங்கையும் சேர்த்துத்தான் அரைத்து எடுக்க வேண்டும், அதற்கும் பில் நமக்குத்தான்.

சொந்தமாக மெஷின் வாங்குபவர்களையும் விட்டுவைப்பதில்லை. ஆன்லைனில் ‘டூயல் ஆக்‌ஷன்’ என்று தலைப்பு, பெட்டிக்குள் ரோட்டரி. விவரத்தில் 600–3,000 ஆர்பிஎம், எம்14 என்று மட்டும் இருந்து, வட்டம் எத்தனை மி.மீ. என்ற பேச்சே இல்லையென்றால் அது ரோட்டரி. வாட்ஸை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மெஷின் கையில் வந்ததும் பிளக் மாட்டாமல் பிளேட்டைக் கையால் சுற்றுங்கள். நடுப்புள்ளி அசையாமல் நின்றால் ரோட்டரி. மையம் இடம் மாறி, பிளேட் தனியாகவும் லேசாகச் சுழன்றால் டிஏ. மையம் இடம் மாறியும் பிளேட் தனியாகச் சுழலாமல் கியரோடு இழுத்தால் ஃபோர்ஸ்டு. மையம் வரையும் வட்டத்தை ஸ்கேலால் அளந்தால் ‘15’ என்று போட்டு 8 விற்றதும் வெளியே வரும். பிரிப்பதிலிருந்து அளப்பது வரை வீடியோ எடுத்து வைத்தால் ரிட்டர்னுக்கு வாக்குவாதம் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அதே கடையில் ‘இன்னொரு தடவை ஃப்ரீயா அடிச்சுத் தரோம்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அதே ரோட்டரிதான் மறுபடி வரும், கிளியர் இன்னும் மெலியும். வேறொருவரிடம் ஒவ்வொரு பேனலையும் அளக்கச் சொல்லுங்கள். ஹோலோகிராம் மட்டும்தான் என்றால், டிஏவில் மென்மையான ஃபோம் பேட், ஃபைன் பாலிஷ் வைத்துப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்: இரண்டடிக்கு இரண்டடி இடம், பட்டாணி அளவு மூன்று நாலு சொட்டு, கையை மெதுவாக நகர்த்தி குறுக்கும் நெடுக்குமாக நாலு முறை. கிளியர் போய்விட்டிருந்தால் பேனலை ரீபெயிண்ட் செய்வதுதான் வழி. அந்தச் செலவைக் கேட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். விடும் முன்பும் எடுத்த பின்பும் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம், பேனல் வாரியாக மைக்ரான் அளவு, ‘டிஏ, மூன்று ஸ்டேஜ்’ என்று எழுதிய பில் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பில்லில் ‘பாலிஷிங் சார்ஜ்’ என்று மட்டும் போட்டுத் தந்தால், பணம் கட்டும் முன்பே மாற்றி எழுதி வாங்குங்கள்.