ஒன்பது வருட மாதக் கணக்குக்கு எக்செல் பிவட் சார்ட் போதுமா?

எக்செலில் நாள் முழுக்க வேலை செய்பவர்கள்கூட பிவட் சார்ட் (நீளமான கணக்கை வேண்டியபடி தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையிலிருந்து வரையும் படம்) பக்கம் ஏனோ எட்டிப் பார்ப்பதில்லை. மாதாமாதம் வரும் எண்கள் நான்கைந்து வருடத்துக்குச் சேர்ந்துவிட்டால் அதைவிடக் கைகொடுப்பது வேறில்லை என்பது என் கட்சி. குறைகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு சிறிய நூலகத்தின் இரவல் கணக்கு. 2016 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, மாதத்துக்கு ஒரு வரியாக 108 வரிகள். ஒரு நெடுவரிசையில் தேதி, அடுத்ததில் அந்த மாதம் வெளியே போன புத்தகங்களின் எண்ணிக்கை. மாதங்களை மேலிருந்து கீழாகவும் வருடங்களைக் குறுக்காகவும் அடுக்கிக் கட்டம் கட்டமாக வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கலைத்து இப்படி நீளவாக்கில் மாற்ற வேண்டும். பிவட்டுக்கு அதுதான் ஒத்துவரும்.

தேதி என்றால் நிஜமான தேதி. மாதத்துக்கு ஒன்றாம் தேதியைப் போட்டுவிட்டால் போதும். எக்செல் தேதியை உள்ளுக்குள் ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 2024 ஜனவரி 1 அதற்கு 45292. நடுவில் ஏதாவது ஒரு கட்டத்தில் தேதி வெறும் எழுத்தாகத் தங்கிவிட்டால், மாதமாக, வருடமாகக் குரூப் செய்ய மறுத்துவிடும். 'குரூப் செய்ய முடியாது' என்று சொல்லுமே தவிர எந்தக் கட்டம் என்று சொல்லாது. நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள்: தேதிகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது மட்டும் இடப்பக்கம் நிற்கும்.

மாதப் பெயருக்கென்று தனி நெடுவரிசை வைத்துத் தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பிவட் அதை அகரவரிசையில் அடுக்கி அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று ஆரம்பிக்கும். ஆப்ஷன்ஸில் கஸ்டம் லிஸ்ட்ஸ் என்று இருக்கிறது. பன்னிரண்டு பெயர்களையும் அங்கே ஒருமுறை வரிசையாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இனி இதன் அருமை. எக்செல் 2016 பதிப்பிலிருந்து, தேதியைப் படத்தின் கிடைக்கோட்டுக்கான அச்சு (ஆக்சிஸ்) பகுதிக்கு இழுத்துவிட்டாலே வருடம், காலாண்டு, மாதம் என்று அதுவே பிரித்துக்கொள்கிறது. காலாண்டைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன். மிச்சமிருக்கும் இரண்டையும் இடம் மாற்றினால் மூன்று வெவ்வேறு படங்கள்.

வருடம் முதலிலும் மாதம் அதற்குள்ளும் இருந்தால் 108 புள்ளிகளும் ஒரே நீளக் கோடாக ஓடும். ஒட்டுமொத்தமாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இது. எங்கள் நூலகம் 2020-இல் மூடிக்கிடந்த மாதங்கள் இதில் ஒரு பள்ளமாகத் தெரியும். அங்கே 0 போடுவதா, காலியாக விடுவதா என்று யோசித்து 0 தான் போட்டேன்; புத்தகம் எதுவும் போகவில்லையே. ஆனால் ஏப்ரல் சராசரி கேட்டால் அந்த 0 அதைக் கீழே இழுக்கும், மறந்துவிடக் கூடாது. இன்னும் வராத மாதங்களுக்கு முன்கூட்டியே 0 நிரப்பி வைப்பதுதான் தவறு. கோடு தரைக்கு விழுந்து எல்லாரையும் பயமுறுத்தும்.

வருடத்தை லெஜண்ட் பகுதிக்கு (எந்த நிறம் எதற்கு என்று காட்டும் பகுதி) நகர்த்தினால் பன்னிரண்டு மாதங்களின் மேல் ஒன்பது கோடுகள். எல்லாரும் கேட்பது இந்தப் படத்தைத்தான். நான்கு கோடு வரை சரி, ஒன்பது என்றால் நூல்கண்டு சிக்கியது மாதிரிதான். பழைய வருடங்கள் எல்லாவற்றுக்கும் வெளிர்சாம்பல் நிறம் கொடுத்து, கடைசி வருடத்தை மட்டும் அடர்த்தியாக விடுங்கள். இல்லாவிட்டால் வருடங்களைப் பொத்தான்களாகக் காட்டும் ஸ்லைசர் ஒன்றைப் போட்டு, வேண்டியதை மட்டும் கிளிக் செய்து பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மாதம் முதலில், வருடம் அதற்குள். ஜனவரி என்ற தலைப்பின் கீழ் ஒன்பது வருடத்து ஜனவரிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அப்புறம் பிப்ரவரிகள். இதற்குக் கம்பப் படம்தான் சரி. கோடாகப் போட்டால் 2024 ஜனவரியை 2016 பிப்ரவரியோடு இணைத்துவிடும், அதற்கு அர்த்தமே கிடையாது. இந்தப் படத்தில்தான் செப்டம்பர் கண்ணில் பட்டது. மற்ற மாதங்கள் 2021-க்குப் பிறகு மெல்ல மேலே வந்திருக்க, செப்டம்பர் கம்பங்கள் மட்டும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தன. ஒன்பது கோட்டுச் சிக்கலில் அது தெரியவே இல்லை.

குரூப் செய்யும்போது மாதத்தை மட்டும் டிக் செய்து வருடத்தை விட்டுவிட்டால், ஒன்பது ஜனவரிகளையும் கூட்டி ஒரே ஜனவரியாகக் காட்டிவிடும். எண் திடீரென்று பெரிதாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

எரிச்சல்கள்: புது மாதத்தைச் சேர்த்தால் பல பதிப்புகளில் படம் தானாக மாறாது, ரீஃப்ரெஷ் அழுத்த வேண்டும். மூலக் கணக்கை கன்ட்ரோல்-டி கொடுத்து டேபிளாக மாற்றி, அதிலிருந்து பிவட் எடுத்திருந்தால்தான் புது வரிகளையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு எண்களை வைத்துப் புள்ளிகளாகக் காட்டும் ஸ்கேட்டர் படம் இதில் போட முடியாது. வேறு இடத்திலிருக்கும் இலக்குக் கோட்டையோ சராசரிக் கோட்டையோ உள்ளே கொண்டுவரவும் வழியில்லை. பிவட் அட்டவணையில் இருப்பது மட்டும்தான் படத்தில் வரும்.

அப்படித் தேவைப்பட்டால் பிவட் எண்களை வேறு ஷீட்டில் வேல்யூவாக (வெறும் எண்களாக) ஒட்டிச் சாதாரண சார்ட் போடுகிறேன். அப்போது இடது மேல் மூலைக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அதில் 'மாதம்' என்று ஏதாவது இருந்தால், 2016, 2017 என்ற தலைப்புகளையும் புத்தக எண்ணிக்கை என்று நினைத்து வரைந்துவிடும். 12 மாத நகரும் சராசரிக்கு (ஒவ்வொரு மாதத்தையும் அதற்கு முந்தைய பதினொன்றோடு சேர்த்து எடுக்கும் சராசரி) ட்ரெண்ட்லைன், அதாவது போக்கைக் காட்டும் கோடு போடும் வசதி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சராசரியையும் அந்தப் பன்னிரண்டில் கடைசி மாதத்தின் மேல் வைப்பதால், திருப்பங்கள் சில மாதம் தாமதித்துத் தெரியும்.

எக்செல் மாதிரியே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் 5.4 பதிப்பிலிருந்து பிவட் சார்ட் உண்டு. அங்கே தேதியைத் தானாகப் பிரித்துத் தராது. பிவட் அட்டவணையில் ஒரு தேதியின் மேல் நின்று எஃப்-12 அழுத்தி, மாதம், வருடம் இரண்டையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கப்புறம் மூன்று படங்களும் அதிலும் வரும்.